தேதி போடாத கடிதம்

தலைவர் வைரவநாதனுக்குச் சட்டைப்பையில் பேனா வைத்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது. கையெழுத்துப் போடவேண்டிய காகிதம் முன்னால் வந்தால், தலையை நிமிர்த்தாமல் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுவார். மூடி கழற்றிய பேனா ஒன்று விரல்களுக்கு நடுவில் வந்து உட்காரும். நாற்பத்தொரு வருஷமாக அப்படித்தான். பேனாவை வைக்கிற கை யாருடையது என்று அவர் திரும்பிப் பார்த்ததில்லை. அது சவரிராயனின் கை.

இன்றைக்கு அந்தச் சவரிராயனின் ராஜினாமாக் கடிதம் தலைவரின் ஜிப்பாப் பையில் இருந்தது. எழுதிக் கொடுத்த ஆளோ அதே காரில், பக்கத்தில், தலைவரின் மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார் மானாமதுரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

இந்தக் கடித விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

வைரவநாதன் ஒன்பது முறை பாராளுமன்றத்துக்குப் போனவர். மூன்று முறை மத்திய மந்திரி. இரண்டு பிரதமர்களை ஏற்றிவிட்டு, அதில் ஒருவரை இறக்கியும் விட்டவர். டெல்லியில் எந்த ஆட்சி வந்தாலும் அவர் வீட்டு வாசலில் ஒரு பெரிய கார் நிற்கும் என்பார்கள். அப்படிப்பட்டவருக்கு முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் நேர்ந்தது. அவருடைய கட்சி எம்.பி.க்கள் பதினொரு பேர் அவர் வீட்டுக்கு வந்து, போண்டா சாப்பிட்டு, டீ குடித்து, சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். அந்த டம்ளர்களைக் கழுவி வைப்பதற்குள் எதிரணியில் சேர்ந்துவிட்டார்கள். மந்திரி பதவி போன செய்தியை அவர் வானொலியில்தான் கேட்டார்.

மறுவாரம் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். கட்சியில் யாருக்குச் சீட்டுக் கொடுத்தாலும், பதவி கொடுத்தாலும், முதலில் அந்த ஆள் தம் கைப்பட ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதித் தந்துவிட வேண்டும். 'என் சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியை மட்டும் காலியாக விட வேண்டும். கடிதங்கள் தலைவரின் படுக்கையறை இரும்பு அலமாரியில் இருக்கும். சாவி அவர் அரைஞாணில். ஒருவர்மேல் சந்தேகம் வந்தால் கடிதத்தை எடுப்பார். வலது கையை நீட்டுவார். பேனா வரும். தேதியைப் போடுவார். அவ்வளவுதான், காரியம் முடிந்தது.

கட்சியில் இதற்கென்றே ஒரு பேச்சு வழக்கு உண்டாகிவிட்டது. "அவருக்குத் தேதி போட்டாச்சாமே" என்றால் இரங்கல் தெரிவிக்கப் போகலாம் என்று அர்த்தம். அந்தக் கட்சிக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தேதியை விரலால் மறைத்துக்கொண்டுதான் படிப்பார்கள்.

முதன்முதலில் அப்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தவர் சவரிராயன்தான். கட்சியின் பொதுச் செயலாளரே கொடுத்த பிறகு மற்றவர்கள் எப்படி மறுப்பது?

எட்டு நாளைக்கு முன்னால் டெல்லியில் ஓர் ஆள் தலைவரின் காதில் ஓதினார். பொதுச் செயலாளர் எதிரணித் தலைவர் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக மூன்று முறை போய்விட்டு வந்தாராம். பார்த்தவர்கள் இருக்கிறார்களாம்.

அன்றிலிருந்து வைரவநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. சவரிராயன் என்ன செய்தாலும் அது ஒரு தடயமாகத் தெரிந்தது. ஃபோனில் சிரித்தால், யாரோடு? பேசாமல் இருந்தால், எதை மறைக்கிறான்? அவர் கொண்டுவரும் காலைப் பேப்பர் நாலு நிமிஷம் தாமதமாக வந்தது. அந்த நாலு நிமிஷம் யாரோடு இருந்தான்? சவரிராயன் கொடுத்த மாத்திரைகளை நாக்குக்கு அடியில் வைத்திருந்து, அவர் அந்தப் பக்கம் போனதும் துப்பினார். ரத்தக்கொதிப்பு ஏறியதுதான் மிச்சம்.

இன்று ஐந்து மணிக்குச் சிவகங்கையில் செயற்குழு. அங்கே தேதி போட்டுவிடுவது என்று முடிவு. ஆனாலும் கை துணியவில்லை. வழியில் டீச்சரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காரைத் திருப்பச் சொன்னார்.

மானாமதுரை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. மரகதவல்லி டீச்சர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தலைவரைவிட ஒன்பது வயது இளையவர். மடமோ, பீடமோ, சீடர் கூட்டமோ கிடையாது. அவருக்கு இருந்த ஒரே சீடர் வைரவநாதன்தான், அதுவும் அவராக வந்து ஒட்டிக்கொண்டது.

அவர் உள்ளே போனபோது டீச்சர் தரையில் முறத்தை வைத்துக்கொண்டு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க" என்றார். எழுந்திருக்கவில்லை.

வைரவநாதன் உட்காரவில்லை. "வீட்ல யாரு இருக்கா?"

"நானும் இந்தப் பூனையும்."

"போன தடவை பூனை இல்லையே?"

"இல்லை."

"யாரு வீட்டுப் பூனை?"

"நான் கேட்டுக்கலை."

பூனை அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதுவே அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அடுக்களையை எட்டிப் பார்த்தார். பின்கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். ஜன்னலைச் சாத்தினார்.

"வாசக் கதவையும் சாத்தட்டுமா டீச்சர்?"

"சாத்தினா புளி தெரியாது. எனக்குக் கண்ணு முந்தி மாதிரி இல்லை."

கதவு திறந்தே இருந்தது. இரும்பு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தெருவில் நிற்கும் கார் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். காரின் பின் ஜன்னலில் சவரிராயனின் நரைத்த தலை தெரிந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். கூட இருக்கறவன் நமக்கு உண்மையா இருக்கானா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"யாரு?"

"சவரி."

டீச்சரின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு கொட்டை முறத்தின் ஓரத்தில் விழுந்தது.

வைரவநாதன் எல்லாவற்றையும் சொன்னார். பின்வாசல், மூன்று முறை, ஃபோன் சிரிப்பு, நாலு நிமிஷம்.

"அவருகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா உண்மையைச் சொல்லுவானா?"

"கேட்டீங்களா?"

"கேக்கலை."

"எம்புட்டு நாளா கேக்காம இருக்கீங்க?"

"எட்டு நாளா. கேக்கலையே தவிர, பாத்துக்கிட்டே இருக்கேன். புதுச் செருப்பு வாங்கியிருக்கான் டீச்சர்."

"பழசு அறுந்திருக்கும்."

"அறுந்தா தைச்சுப் போடறவன் அவன். இப்பப் புதுசு எதுக்கு? எங்க நடக்கப்போறான்?"

கொட்டைகள் விழுந்துகொண்டிருந்தன.

"உங்களுக்கு என்ன தோணுது? சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வைரவநாதன் முப்பத்தெட்டு வருஷமாக இந்த வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார். இரண்டாவது தேர்தலில் அவர் இருபத்தொன்பது ஓட்டில் தோற்றார். அந்த வாக்கு எண்ணிக்கையில் ஒரு மேஜைக்கு மரகதவல்லி டீச்சர்தான் மேற்பார்வை. அறுபது சீட்டுகளில் முத்திரை இரண்டு சின்னங்களுக்கும் நடுவே கோட்டின்மேல் விழுந்திருந்தது. டீச்சர் அவற்றைச் சந்தேகச் சீட்டுகளின் கட்டோடு சேர்த்துவிட்டார். தேர்தல் அதிகாரி பார்த்து, செல்லாது என்று தள்ளினார். மறுநாள் காலையில் வைரவநாதன் கொதித்துக்கொண்டு இதே வீட்டுக்கு வந்தார். "அந்த ஜனங்க எனக்குத்தான் போட்டாங்கன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும்" என்றார். டீச்சர், "கோட்டு மேல விழுந்தா யாருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அரசியலில் எல்லாம் தெரிந்தவர்களையே பார்த்திருந்த வைரவநாதனுக்கு அது புதிதாக இருந்தது. சண்டை போட வந்தவர் காப்பி குடித்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் ஒரு கேள்வியோடு வந்தார். அப்படியே பழகிவிட்டது.

ஆனால் இன்றைக்கு அந்த வார்த்தை அவருக்குப் பிடிக்கவில்லை.

"இன்னைக்கு அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். அஞ்சு மணிக்கு செயற்குழு."

"உங்க அலமாரில இப்ப எத்தனை கடுதாசி இருக்கு?"

"எழுபத்தி நாலு."

"எல்லாரும் எழுதிக் குடுத்துட்டாகளா?"

"எல்லாரும். என் மகன்கிட்டயே வாங்கித்தான் வெச்சிருக்கேன்."

"நான் எழுதலையே."

வைரவநாதன் சிரித்தார். எட்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

டீச்சர் சிரிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில். அன்றைய தாளைக் கிழித்து, சுவரிலேயே வைத்து, பின்பக்கத்தில் எழுதினார். கொண்டுவந்து நீட்டினார்.

'என் சொந்தக் காரணங்களுக்காக, இவருக்கு யோசனை சொல்லும் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். இப்படிக்கு, கோ. மரகதவல்லி.'

அடுத்து நடந்ததை வைரவநாதன் யோசித்துச் செய்யவில்லை. முப்பத்தொரு வருஷப் பழக்கம் செய்தது. கை தானாக நீண்டு தாளை வாங்கியது. கண் முதலில் கையெழுத்துக்குப் போனது. இனிஷியல் சரியாக இருக்கிறதா? இருந்தது. தேதி காலியாக இருக்கிறதா? இருந்தது. திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தில் கொட்டை எழுத்தில் பதினாலு என்று அச்சடித்திருந்தது.

"டீச்சர், பின்னால தேதி இருக்கு. வேற தாள்ல எழுதிக் குடு—"

தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. நிறுத்திக்கொண்டார்.

ரயில் ஒன்று ஸ்டேஷனுக்குள் நுழைந்து, நின்று, கிளம்பியது. வைரவநாதனுக்குக் காது மடல் சுட்டது. வெட்கமாக இருந்தது. பாராளுமன்றத்தில் முன்னூறு பேர் சேர்ந்து கூச்சல் போட்டபோதுகூட அவர் இப்படிக் கூசியதில்லை.

ஆனால் என்ன செய்வது, அந்த வெட்கமும் ரொம்ப நேரம் நிற்கவில்லை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே சந்தேகம் வந்துவிட்டது.

"இப்ப எதுக்கு எழுதிக் குடுத்தீங்க? யாராச்சும் வந்து ஏதும் சொன்னாங்களா?"

"யாரும் வரலை."

"சவரி வந்தானா?"

"முப்பத்தெட்டு வருஷமா உங்க கார்லயேதான் உக்காந்திருக்காரு. இந்த வாசப்படி ஏறினதில்லை. நீங்க கூப்பிட்டதும் இல்லை."

வைரவநாதன் காலண்டர் தாளைத் திருப்பி நீட்டினார். "இது வேணாம் டீச்சர். வாங்கிக்கங்க."

டீச்சர் மறுபடியும் முறத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "கை பிசுக்கா இருக்கு. உங்க பையிலயே இருக்கட்டும்."

வேறு வழியில்லாமல் மடித்துப் பையில் வைத்தார். வைக்கும்போது உள்ளே இருந்த இன்னொரு உறை விரலில் தட்டுப்பட்டது.

"அவரோடதையும் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார் டீச்சர்.

எடுத்துக் காட்டினார். பழுப்பேறிய உறை. ஒட்டின இடத்தின்மேல் தலைவரின் பழைய கையெழுத்து குறுக்கே ஓடியது. அந்தக் காலத்தில் அவர் கையெழுத்து இன்னும் கொஞ்சம் நேராக இருந்திருக்கிறது.

"பிரிக்கவே இல்லையா?"

"தேதி போடறப்பப் பிரிச்சாப் போதும்னு வெச்சுட்டேன்."

"மத்த கடுதாசியெல்லாம்?"

"அதெல்லாம் அப்படி விடுவேனா? வாங்கின உடனே பிரிச்சுப் படிப்பேன். ஒண்ணுக்கு மூணு தடவை. கையெழுத்தைப் பழைய கையெழுத்தோட ஒத்துப் பாப்பேன். ஒருத்தன் மையில தண்ணி கலந்து எழுதிக் குடுத்தான், ஆறு மாசத்துல அழிஞ்சு போகட்டும்னு. அதையும் பிடிச்சேன்."

"இதை மட்டும் ஏன் பிரிக்கலை?"

"இது சவரியோடது டீச்சர்."

அதை ஒரு பதிலாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். டீச்சர் மட்டும் ஒருமுறை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்கு அங்க வெச்சுப் போடறதை இங்கயே போட்டுட்டுப் போயிடறேன்" என்றார் வைரவநாதன். "கூட்டத்துல அத்தனை பேருக்கு முன்னால கை நடுங்கினா நல்லா இருக்காது."

"போடுங்க."

உறையின் ஓரத்தைக் கிழித்தார். பசை காய்ந்து பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே நாலாக மடித்த ஒரு முழுத்தாள். முழங்காலின்மேல் வைத்து நீவினார். தலையை நிமிர்த்தாமல் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

கை அந்தரத்தில் நின்றது. அதில் எதுவும் வந்து உட்காரவில்லை.

"பேனாவா?" என்றார் டீச்சர். "இங்க பென்சில்தான் இருக்கு."

"பென்சில்ல போட்டா செல்லாது."

"பேனா கார்லதான் இருக்கு. கூப்பிடட்டுமா?"

வைரவநாதன் கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவருக்கு உடனே தெரியவில்லை. மடியில் இருந்த கடிதத்தின்மேல் வைத்தார். அப்போதுதான் தாளின் மேல் மூலை கண்ணில் பட்டது.

அங்கே தேதி இருந்தது.

நாள், மாதம், வருஷம். சவரிராயன் அதை எழுதிக் கொடுத்த அதே நாள். அடைப்புக்குறி போட்டு 'முற்பகல்' என்றுகூட எழுதியிருந்தது.

வைரவநாதன் நாற்காலியை விட்டு எழுந்தார். சாத்திய ஜன்னலைத் தானே திறந்தார். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"அப்புறமாப் போட்டிருக்கான். நான் இல்லாதப்ப எடுத்துப் போட்டுட்டு வெச்சிருக்கான்."

"அலமாரிச் சாவி?"

கை தானாக அரைஞாணைத் தொட்டது. சாவி இருந்தது. அது ஒருநாளும் அங்கிருந்து கழன்றதில்லை.

"மை புதுசா இருக்கோ?" என்றார் வைரவநாதன்.

"நீங்கதான் பாக்கறீங்க."

மை எல்லா வரியிலும் ஒரே மாதிரி வெளுத்திருந்தது. உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டின இடத்தில் தன் கையெழுத்து ஒரு நூல் பிசகாமல் இருந்தது. இப்போது அவரே கிழித்ததைத் தவிர வேறு கிழிசல் இல்லை. யார்மேலும் போட முடியாத ஒரு பழியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்திலேயே நின்றார். பிறகு அதற்கும் ஒரு வழி கிடைத்துவிட்டது.

"அப்ப அன்னைக்கே ஏமாத்திட்டான் டீச்சர். முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தின தேதி போட்ட கடுதாசியை இன்னைக்கு யாருகிட்டக் காட்டறது? சிரிப்பாங்க. இது செல்லாது. எழுபத்தி மூணு பேரு குடுமி என் கையில இருக்கு, இவன் ஒருத்தனோடது இல்லை. எம்புட்டு யோசனை பாருங்க."

"கொண்டாங்க, பாப்போம்."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே வைத்து ஒரு வரி விடாமல் படித்தார். வாக்குச்சீட்டைப் பார்த்த அதே பார்வை.

"செல்லும்" என்றார்.

"எப்படிச் செல்லும்?"

"எழுதியிருக்காரு, தேதி போட்டிருக்காரு, கையெழுத்து இருக்கு. உங்க கையில குடுத்துட்டாரு. நீங்களும் வாங்கி உள்ள வெச்சுட்டீங்க. அன்னைக்கு முற்பகல்லருந்தே செல்லும்."

"அப்படின்னா?"

"முப்பத்தொரு வருஷமா உங்க கட்சிக்குப் பொதுச் செயலாளரே இல்லை. ஒரு ஆளு சும்மா உங்க கூட வந்துக்கிட்டிருந்திருக்காரு."

வைரவநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெளியே கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. சவரிராயன் வாசலுக்கு வந்து, படிக்குக் கீழேயே நின்றார். எழுபது வயது ஆள். கையில் மாத்திரை டப்பா.

"ஐயா, நாலே கால் ஆச்சு."

சொல்லிவிட்டு உள்ளே பார்த்தார். கிழிந்த உறை தலைவரின் காலடியில் கிடந்தது. டீச்சர் கையில் தாள். அவருக்குப் புரியாமல் இருக்குமா? எத்தனை பேருடைய கடிதங்களில் தேதி விழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அவருடைய கை சட்டைப்பைக்குப் போனது. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"பேனா வேணுமாய்யா?"

குரலில் கோபமோ அழுகையோ இல்லை. வழக்கமாகக் கேட்கிற குரல்தான். அதுதான் வைரவநாதனுக்குத் தாங்கவில்லை.

"உள்ள வா சவரி."

சவரிராயன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையசைத்தார். புதுச் செருப்பைக் கழற்றிவிட்டு, முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் படி ஏறி உள்ளே வந்தார். மூடி கழற்றிய பேனா கையிலேயே இருந்தது.

"இதுல தேதி போட்டிருக்கே" என்றார் வைரவநாதன்.

"ஆமாய்யா."

"தேதி இல்லாமத்தானே உன்னைய எழுதச் சொன்னேன்?"

"அப்படித்தான்யா சொன்னீங்க. நான் உங்ககிட்ட வர்றதுக்கு முந்தி பத்திர ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தவன். தேதி இல்லாத பத்திரம் அங்க பத்திரமே இல்லை. தாளை எடுத்ததும் கை மொதல்ல தேதியைப் போட்டுருச்சு. ஒட்டி உங்க கையில குடுத்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

"திருப்பிக் கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"கேட்டா நீங்க வேற மாதிரி நினைச்சுக்குவீங்களேன்னு பயமா இருந்துச்சுய்யா. பதினோரு பேரு போன மறுவாரம் அது. பேசாம வீட்டுக்குப் போயி பொட்டியக் கட்டி வெச்சேன். ஐயா பிரிச்சுப் பாப்பாரு, தேதி ஆயிருச்சு, நீ ஊருக்குப் போன்னு சொல்லிருவாருன்னு. காலையில கூப்பிட்டு விட்டீங்க."

"கூப்பிட்டு?"

"பேனா கேட்டீங்கய்யா."

பூனை எழுந்து சோம்பல் முறித்து மறுபடி படுத்தது.

"அப்பத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார் சவரிராயன். "ஐயா படிச்சுட்டாரு, தேதியையும் பாத்துட்டாரு, பாத்துட்டு வேணாம்னு விட்டுட்டாரு. இன்னைய வரைக்கும் அப்படித்தான்யா நினைச்சுக்கிட்டிருக்கேன்."

நான் பிரிக்கவே இல்லை சவரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வைரவநாதனால் முடியவில்லை. ஒன்பது பாராளுமன்றத்தில் மணிக்கணக்காகப் பேசிய வாய் அது. ஆனால் மனசு ஒரு பக்கம் உருகிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டேவிட்டார்.

"டெல்லியில அந்த வீட்டுக்கு மூணு தடவை போனியாமே?"

"நாலு தடவைய்யா."

வைரவநாதன் நிமிர்ந்தார்.

"எதுக்கு?"

"கவர்னர் பதவி தர்றோம், ஐயாவை விட்டுட்டு வந்துருங்கன்னு கூப்பிட்டு விட்டாங்க. வேணாம்னு சொல்லிட்டு வந்தேன்."

"வேணாம்னு சொல்றதுக்கு நாலு தடவை போகணுமா?"

"மொத மூணு தடவை அவங்க நம்பலைய்யா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

சவரிராயன் பேனாவின் மூடியை மெதுவாகத் திருகி மாட்டினார்.

"சொன்னா நம்பியிருப்பீங்களாய்யா?"

வைரவநாதன் அந்த முகத்தைப் பார்த்தார். நாற்பத்தொரு வருஷமாகப் பக்கத்திலேயே இருந்த முகம். புருவம் நரைத்திருந்தது, இடது கன்னத்தில் ஒரு மரு இருந்தது. மரு எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. நம்பிவிட வேண்டும்போல ஆசையாகத்தான் இருந்தது. ஆசையாக இருந்ததாலேயே பயமாகவும் இருந்தது. பார்வை டீச்சரிடம் போனது. குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டீச்சர், இவன் சொல்றது நிசமா?"

டீச்சர் சவரிராயனின் கடிதத்தை அதன் பழைய மடிப்பிலேயே மடித்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார். முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? நான்தான் விலகிட்டேனே. தாளு உங்க பையில இருக்கு, பின்னால இன்னைக்குத் தேதியும் இருக்கு" என்றார். "அந்த உறையைப் பிரிச்சுப் பாக்காம உள்ள வெச்சாரே ஒருத்தரு, அவரைக் கேளுங்க."